உப்பைக் கரைச்சுக் குடிச்சா போதுமா? அணு விபத்தும் அயோடின் மாத்திரையும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை வெட்டியிருக்கிறேன். கணக்கு வரும் இடங்களை நிதானமாக வாசிக்கிற மாதிரி கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறேன். மற்றபடி பேசியது பேசியபடியே.)

இன்னைக்கு எபிசோடு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வேர்டில் இருந்து ஆரம்பிக்குது.

2025 மே 7. நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை நடந்த நாள், ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நடந்தது. அன்னைக்கு ராத்திரி குளத்தூரில் இருந்து அம்மா போன்.

"எய்யா, சாப்டியா?"

"சாப்டேன்மா. என்ன இந்நேரத்துல?"

"ஒண்ணுமில்ல, வாட்ஸ்அப்புல ஒண்ணு வந்துருக்கு. அணுக்கதிர் வந்துச்சுன்னா அயோடின் உப்பைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கணுமாம். கழுத்துல டிஞ்சர் தடவணுமாம். நெசமா?"

"யாரு அனுப்புனா?"

"உங்க பெரியப்பாதான்."

பெரியப்பா வேப்பலோடைப் பக்கம் உப்பளத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். உப்பைப் பத்தி அவர் ஒண்ணு சொன்னா எங்க வீட்டில் மறுபேச்சு கிடையாது. நான் "அதெல்லாம் வேண்டாம்மா, சும்மா வர்ற மெசேஜ்" என்று சொல்லி வைக்கப் பார்த்தேன். அம்மா விடவில்லை. "எனக்காகக் கேக்கல. அக்கா அங்கன இருக்கால்ல, அதான்."

அக்காவைக் கட்டிக் கொடுத்தது ராதாபுரம் பக்கம். வீட்டு மொட்டை மாடியில் நின்றால் முப்பந்தல் பக்கத்துக் காத்தாடிகள் தெரியும். கூடங்குளம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பெரியவன் நாலு வயசு. சின்னவள் அப்போ ஆறு மாசம். எங்க குளத்தூர் கூடங்குளத்தில் இருந்து நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டர் தள்ளி. அம்மா கேட்டது சரியான கேள்வி, சரியான ஆட்களுக்காக. மழுப்பலான பதில் சொன்னவன் நான்தான். அதனால அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து ஒழுங்கா வாசிச்சேன். அதுதான் இந்த எபிசோடு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். கூடங்குளத்தில் விபத்து நடக்கப்போகுதுன்னு சொல்ல வரல. பயமுறுத்துறது நோக்கமும் இல்ல. தீயணைப்புக் கருவி எங்க மாட்டியிருக்குன்னு தெரிஞ்சு வைக்கிறதுக்கும், வீடு தீப்பிடிக்கும்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு இல்லையா? அந்த மாதிரிதான்.

கழுத்தில் இருக்கும் அந்தச் சுரப்பி

தைராய்டு கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருக்கிறது. பெரியவர்களுக்கு சுமார் 20 கிராம் எடை. நம் உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஹார்மோனைத் தயாரிப்பது இதுதான். அந்த ஹார்மோனுக்கு மூலப்பொருள் அயோடின். அயோடின் இல்லாமல் அதைச் செய்ய முடியாது.

நமக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் ரொம்பக் கொஞ்சம், 150 மைக்ரோகிராம். ஒரு கிராமை பத்து லட்சம் பங்காக்கி அதில் 150 பங்கு. இவ்வளவு குறைவாகக் கிடைக்கும் பொருளை உடம்பு வீணாக்குமா? அதனால் தைராய்டு செல்களில் ஒரு பம்ப் இருக்கிறது. ரத்தத்தில் போகிற அயோடினைப் பிடித்து இழுத்து உள்ளே சேமித்துக்கொண்டே இருக்கும்.

பிரச்சினை இந்த பம்பில்தான் ஆரம்பிக்கிறது. என் மொழியில் சொன்னால், இதில் டைப் செக் கிடையாது. வருவது அயோடினா என்று மட்டும்தான் பார்க்கும். உப்பில் இருந்து வந்த சாதாரண அயோடினா, அணு உலையில் இருந்து வந்த கதிரியக்க அயோடினா என்று பார்க்காது. வேதியியல்படி இரண்டும் ஒன்றே. கரு மட்டும்தான் வேறு. பம்புக்கு அது தெரியாது.

மருத்துவர்கள் இதே குணத்தை நல்லதுக்கும் பயன்படுத்துகிறார்கள். தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்த பிறகு கதிரியக்க அயோடினை மருந்தாகக் கொடுப்பது உண்டு. மிச்சமிருக்கும் தைராய்டு செல்கள் அதைத் தேடிப்பிடித்து உள்ளே இழுத்து, அதனாலேயே அழிந்துபோகும். சிகிச்சையில் நாம் விரும்பிச் செய்வது, விபத்தில் நம்மைக் கேட்காமல் நடக்கும். அதுதான் வித்தியாசம்.

அயோடின்-131 எங்கிருந்து வருகிறது?

அணு உலையில் யுரேனியம் பிளவுபடும்போது பலவிதத் துண்டுகள் உண்டாகும். அதில் ஒன்று அயோடின்-131. எரிபொருள் ஒழுங்காகக் குளிர்ந்து, உலை மூடியே இருக்கும்வரை அது உள்ளேயே கிடந்து அழிந்துவிடும். எரிபொருள் உருகி, தடுப்புகளும் உடைந்தால்தான் வெளியே வரும். எளிதில் ஆவியாகும் பொருள் என்பதால் விபத்தில் முதலில் வெளியேறுகிறவற்றில் இதுவும் ஒன்று. காற்றோடு வரும். மூச்சு வழியாக உள்ளே போகும். புல்லில் படியும். அந்தப் புல்லை மாடு மேயும். பாலில் வரும்.

இதன் அரை ஆயுள் 8 நாள். 8 நாளில் பாதி, 16 நாளில் கால், 24 நாளில் அரைக்கால். கம்ப்யூட்டர்காரர்களுக்கு இந்த வரிசை மனப்பாடம். 80 நாளில் பத்து முறை பாதியாகும். அதாவது 1024-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். சீசியம்-137 மாதிரி தலைமுறைக்கும் நிற்காது. அதற்கு அரை ஆயுள் சுமார் 30 வருடம். அயோடின்-131 நிற்பது சில வாரம். ஆனால் அந்தச் சில வாரத்துக்குள் செய்ய வேண்டிய சேதத்தைச் செய்துவிடும்.

1986 ஏப்ரல் 26-ல் செர்னோபில் உலை வெடித்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த பிரிப்பியட் நகரத்தை மறுநாள் காலி செய்துவிட்டார்கள். ஆனால் பெலாரஸ், உக்ரைன், ரஷ்யக் கிராமங்களில் பல இடங்களில் மாடுகள் மேய்ந்துகொண்டுதான் இருந்தன, குழந்தைகள் அந்தப் பாலைக் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சில வருடங்களில் குழந்தைகளிடம் தைராய்டு புற்றுநோய் கூட ஆரம்பித்தது. விபத்தின்போது 18 வயதுக்குட்பட்டவர்களாக இருந்தவர்களில் 1991 முதல் 2015 வரை 19,000-க்கும் அதிகமானோருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததாகவும், அதில் சுமார் நான்கில் ஒரு பங்குக்குக் கதிர்வீச்சே காரணம் என்றும் ஐ.நா.வின் அறிவியல் குழு மதிப்பிட்டது. பெரும்பாலானோர் சிகிச்சையில் பிழைத்தார்கள் என்பது ஆறுதல். ஆனால் கழுத்தில் தழும்போடும், ஆயுசு முழுக்க தினம் ஒரு மாத்திரையோடும்.

ஏன் குழந்தைகள்? அவர்களுடைய சுரப்பி சின்னது. அதே அளவு கதிரியக்க அயோடின் சின்ன இடத்துக்குள் போய்ச் சேர்ந்தால் ஒவ்வொரு கிராமுக்கும் விழும் அடி அதிகம். செல்கள் வேகமாகப் பிரிந்து வளர்கிற வயசு. போதாததுக்கு, பாலே சாப்பாடு.

நம்ம பக்கம் ஆடு வளர்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். பசும்பாலைவிட ஆட்டுப்பாலில் அயோடின் கூடுதலாகச் சேரும். குழந்தைக்கு நல்லதென்று வெள்ளாட்டுப் பால் கொடுக்கிற வீடுகள் கரிசக்காட்டில் இப்பவும் உண்டு. இப்படி ஒரு நேரத்தில் முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்.

மாத்திரை என்ன செய்கிறது?

கோவில்பட்டியில் இருந்து காலையில் கிளம்புகிற டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டிலேயே சீட்டெல்லாம் நிரம்பி, படியிலும் ஆள் தொங்கினால், அடுத்த ஸ்டாப்பில் கண்டக்டர் விசில் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அங்கே நிற்பவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே இல்லை. இடம் இல்லை, அவ்வளவுதான்.

பொட்டாசியம் அயோடைடு மாத்திரை அந்த வேலையைச் செய்கிறது. கதிரியக்கம் இல்லாத சாதாரண அயோடினை ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டுகிறது. தைராய்டு வயிறு முட்டக் குடித்துவிட்டு, "போதும்" என்று பம்பைத் தற்காலிகமாக நிறுத்திவிடும். பிறகு வரும் அயோடின்-131 உள்ளே போக வழியில்லாமல் பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடும். ஒரு மாத்திரையின் பாதுகாப்பு ஏறக்குறைய ஒரு நாள்.

பஸ் உதாரணத்தை மறக்காதீர்கள். சீட்டு முன்னாலேயே நிரம்பியிருக்க வேண்டும். கெட்டவன் ஏறி உட்கார்ந்த பிறகு பஸ்ஸை நிரப்பினால் என்ன ஆகும்? அவனும் இறங்க முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்வான். இதைக் கொஞ்ச நேரத்தில் திரும்பப் பார்ப்போம்.

சரி, உப்புக் கணக்கு

இப்போ பெரியப்பாவோட மெசேஜுக்கு வருவோம்.

பெரியவர்களுக்கான மாத்திரை 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு. அதில் பொட்டாசியத்தைக் கழித்தால் சுமார் 100 மில்லிகிராம் அயோடின்.

அயோடின் உப்பில் எவ்வளவு இருக்கும்? இந்திய விதிப்படி ஆலையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம், நம்ம கைக்கு வரும்போது குறைந்தது 15 மில்லிகிராம்.

வகுத்துப் பாருங்க. 100-ஐ 15-ஆல் வகுத்தால் 6.6. அதாவது ஒரு மாத்திரைக்குச் சமமான அயோடின் வேண்டுமென்றால் ஆறரைக் கிலோவுக்கு மேல் உப்பை ஒரே மூச்சில் சாப்பிட வேண்டும். ஆலையில் இருந்து நேராக வந்த புது உப்பு என்றாலும் மூன்று கிலோவுக்கு மேல். அவ்வளவு வேண்டாம், சில கைப்பிடி உப்பை மொத்தமாகக் கரைத்துக் குடித்தாலே உயிருக்கு ஆபத்து. குழந்தைக்கு அதைவிடக் குறைவே போதும். கதிர்வீச்சு நம்மை ஒன்றும் செய்வதற்கு முன்னால் உப்பு செய்துவிடும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு மாத்திரையில் இருப்பது 1,00,000 மைக்ரோகிராம். ஒரு நாள் தேவை 150. கிட்டத்தட்ட 666 நாள், ஏறக்குறைய இரண்டு வருட அயோடினை ஒரே நேரத்தில் கொடுக்கிறோம். உப்பு சமையலுக்கு. அது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதற்கு. மாத்திரை கதவை அடைப்பதற்கு. இரண்டும் வேறு வேறு வேலை.

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா செய்தி வந்ததும் சீனாவில் கடை கடையாக அயோடின் உப்பு தீர்ந்துபோனது. அந்த வாட்ஸ்அப் மெசேஜ் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம் இல்லீங்க.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவரே ஒன்று சொன்னார். "பாத்தில வெளையுற உப்புல அயோடினே கெடையாதுடா. மில்லுல போய்த்தான் தெளிப்பாக." சரிதான். கடலில் இருந்து வந்தாலும் கல்லுப்பில் சொல்லிக்கொள்ளும்படி அயோடின் இருக்காது. பொட்டாசியம் அயோடேட் கரைசலைப் பிறகுதான் கலக்கிறார்கள். அது தெரிஞ்ச மனுஷனே ஃபார்வேர்டு பண்ணியிருக்கார். "எல்லாரும் அனுப்புனாக, நானும் அனுப்புனேன்" என்றார். சண்டை போட முடியுமா?

ஆனாலும் தினசரி உப்பை லேசாக நினைக்கக் கூடாது. சாப்பாட்டில் அயோடின் குறைவாக இருந்தால் தைராய்டு பசியோடு கிடக்கும். பசித்த சுரப்பி கதிரியக்க அயோடினையும் கூடுதலாக இழுக்கும். செர்னோபிலைச் சுற்றி இருந்த பல பகுதிகளில் அயோடின் குறைபாடு முன்பே இருந்தது. சேதம் அதிகமானதற்கு அதுவும் ஒரு காரணம். உப்பளத்துப் பக்கம் வீடு என்பதால் அளத்துக் கல்லுப்பையே சமையலுக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கர்ப்பிணியும் குழந்தையும் இருக்கிற வீட்டிலாவது அயோடின் கலந்த உப்பை வாங்குங்கள். அணு விபத்துக்காக இல்லை, அந்தக் குழந்தையின் மூளை வளர்ச்சிக்காக.

டிஞ்சர் அயோடின், காயத்துக்குப் போடுகிற பீட்டாடின் இதெல்லாம் குடிக்கவே கூடாது. கழுத்தில் தடவுவதையும் மாத்திரைக்குப் பதிலாக நம்ப முடியாது.

எவ்வளவு, எப்போது?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பொட்டாசியம் அயோடைடு மில்லிகிராமில்:

பிறந்து ஒரு மாதம் வரை: 16
ஒரு மாதம் முதல் 3 வயது வரை: 32
3 முதல் 12 வயது வரை: 65
12 வயதுக்கு மேல்: 130

அக்கா வீட்டுக் கணக்கில், பெரியவனுக்கு 65, சின்னவளுக்கு 32. பால் கொடுக்கிற அக்காவுக்கு 130. அக்கா மாத்திரை போட்டால் பால் வழியாகப் போகும், குழந்தைக்கு அதுவே போதும் என்று நினைக்கக் கூடாது. அந்த அளவை நம்ப முடியாது. குழந்தைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும், பொடித்துக் கரைத்து.

இப்போது நேரம். இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள். காற்று வந்து சேர்வதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளோ, வந்து 2 மணி நேரத்துக்குள்ளோ போட்டால் முழுப் பலன். 8 மணி நேரம் வரை போடுவதிலும் பயன் உண்டு. 24 மணி நேரம் கழித்துப் போட்டால் நன்மையைவிடத் தீமை கூடுதலாக இருக்கலாம். ஏறி உட்கார்ந்த அந்த ஆளை உள்ளேயே பூட்டி வைக்கிற கதை இதுதான்.

இதனாலதான் "எதுக்கும் இருக்கட்டும்" என்று முன்கூட்டியே தினமும் போடுவதும் தப்பு. அரசு அறிவித்த பிறகு, சொன்ன நேரத்தில், சொன்ன அளவு. பொதுவாக ஒரே ஒரு முறை. பச்சைக்குழந்தை, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், 60 வயதைத் தாண்டியவர் ஆகியோருக்கு இரண்டாவது முறை கொடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பச்சைக்குழந்தைக்குத் தைராய்டு அளவுக்கு மேல் அடங்கிப்போகலாம். கொடுத்த பிறகு ரத்தப் பரிசோதனை செய்து கவனிக்க வேண்டும். ஏற்கெனவே தைராய்டு நோய் உள்ளவர்களும் அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்களும் மருத்துவரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பலன் குறைவு. அந்த வயதில் கதிர்வீச்சால் தைராய்டு புற்றுநோய் வரும் வாய்ப்பு ரொம்பக் குறைவு, மாத்திரையால் தைராய்டு கோளாறு வரும் வாய்ப்போ கூடும். அதனால் வரிசையில் முதலில் குழந்தைகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள். பிறகு இளவயதினர். கடைசியில்தான் மற்றவர்கள்.

மூன்று ஊர், மூன்று விதம்

போலந்து. 1986 ஏப்ரல் 28-ல் அங்கே கதிர்வீச்சு கூடியிருப்பதைக் கருவிகள் காட்டின. சோவியத் தரப்பில் இருந்து தெளிவான தகவல் எதுவும் இல்லை. மறுநாளே அயோடின் கொடுக்க முடிவெடுத்தார்கள். மாத்திரை போதாது என்பதால் கரைசலாகத் தயாரித்துப் பள்ளிகளிலும் சுகாதார மையங்களிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். சுமார் 1 கோடியே 5 லட்சம் குழந்தைகள், 70 லட்சம் பெரியவர்கள். சில நாட்களில் முடித்துவிட்டார்கள். கூடவே மாடுகளை மேய்ச்சலுக்கு விடத் தடை, சின்னக் குழந்தைகளுக்குப் பால் பவுடர். இவ்வளவு பேருக்குக் கொடுத்தும் கடுமையான பக்கவிளைவு மிக அரிது. மாத்திரை பாதுகாப்பானது என்று இன்று உலகம் சொல்வதற்குப் பெரிய ஆதாரம் அந்த அனுபவம்தான்.

ஜப்பான். 2011 மார்ச் 11-ல் சுனாமி. மாத்திரைகள் கையிருப்பில் இருந்தன. உத்தரவு வரவில்லை. தேசிய அளவிலான அறிவுறுத்தல் மார்ச் 16-ல் வந்தபோது 20 கிலோமீட்டருக்குள் இருந்த மக்கள் கிளம்பிப் போய்விட்டார்கள்.

அதே ஜப்பானில் மிஹாரு என்ற சின்ன ஊர். காற்று தங்கள் பக்கம் திரும்பும் என்று தெரிந்ததும், மார்ச் 15-ல் ஊர் நிர்வாகமே முடிவெடுத்து 40 வயதுக்குட்பட்டவர்களுக்கு மாத்திரை கொடுத்தது. "உத்தரவு இல்லாமல் ஏன் கொடுத்தீர்கள், திரும்ப வாங்குங்கள்" என்று மேலிடத்தில் இருந்து சொன்னார்கள். அவர்கள் வாங்கவில்லை.

மூன்று இடத்திலும் மருந்து ஒன்றே. வித்தியாசம், யார் முடிவெடுத்தார்கள், எத்தனை மணி நேரத்தில் கைக்கு வந்தது என்பதில்தான்.

இப்போ நம்ம கூடங்குளம்

கூடங்குளத்தில் இப்போது ஓடுவது இரண்டு உலைகள், தலா 1000 மெகாவாட். முதல் உலை 2013 ஜூலையிலும் இரண்டாவது 2016 ஜூலையிலும் இயங்க ஆரம்பித்தன. மேலும் நான்கு கட்டப்பட்டு வருகின்றன. செர்னோபிலில் இருந்தது வேறு வகை உலை. அதற்கு இங்கே இருப்பதைப் போன்ற கெட்டியான வெளிக்கூடு கிடையாது. அதனால் அங்கே நடந்தது அப்படியே இங்கே நடக்கும் என்று சொல்வது சரியல்ல.

ஆனால் அவசரத் திட்டம் எல்லா அணு உலைக்கும் உண்டு. இடிந்தகரைப் போராட்டம் நடந்த காலத்தில் இந்த எண்களை நிறையக் கேட்டிருப்பீர்கள். 1.6 கிலோமீட்டர் வரை யாரும் குடியிருக்கக் கூடாத பகுதி. 5 கிலோமீட்டர் வரை மக்கள்தொகையை அதிகம் பெருகவிடாமல் பார்த்துக்கொள்ளும் பகுதி. 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டப் பகுதி. விபத்தின் பாதிப்பு வளாகத்தைத் தாண்டினால் வெளியே நடக்க வேண்டியதற்கெல்லாம் பொறுப்பு மாவட்ட ஆட்சியரிடம் வரும். வீட்டுக்குள் இருக்கச் சொல்வது, அயோடின் கொடுப்பது, ஊரைக் காலி செய்வது எல்லாம் அந்தத் திட்டத்துக்குள்தான். 2012 ஜூனில், முதல் உலை இயங்கும் முன்பே, நக்கனேரி கிராமத்தில் ஓர் ஒத்திகையும் நடந்தது.

இப்போது எஞ்சினியர் புத்தியோடு ஒரு சின்னக் கணக்கு. காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் 16 கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதோடு முழுப் பலனுக்கான 2 மணி நேரத்தைச் சேருங்கள். மொத்தம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் அறிவிப்பு வர வேண்டும், மாத்திரை இருக்கும் அறையின் சாவி வர வேண்டும், வண்டி வர வேண்டும், ராத்திரி ரெண்டு மணியாக இருந்தாலும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். உலை பழுதாகிக் கசிவு வெளியே வருவதற்கு இடையில் பெரும்பாலும் சில மணி நேரமாவது கிடைக்கும் என்பது உண்மை. அந்த நேரத்தை அறிவிப்பிலேயே தொலைத்துவிட்டால்?

இதனால்தான் சில நாடுகளில் மாத்திரையை முன்கூட்டியே வீட்டுக்கே கொடுத்து வைக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் 2014 முதல் அணு உலையைச் சுற்றி 50 கிலோமீட்டர் வரை. பிரான்சில் 10 கிலோமீட்டராக இருந்ததை 2019-ல் 20 ஆக்கினார்கள். சர்க்கரை டப்பா பக்கத்தில் ஒரு சின்ன அட்டை மாத்திரை. எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அக்காவிடம் கேட்டேன். "உங்க ஊருக்கு அயோடின் மாத்திரை எங்க வச்சிருக்காங்கன்னு தெரியுமாக்கா?"

"மாத்திரையா? அப்படி ஒண்ணு இருக்குன்னே நீ சொல்லித்தான்டா தெரியும்."

கூடங்குளத்தை ஆதரிக்கிறவரோ எதிர்க்கிறவரோ, 16 கிலோமீட்டருக்குள் குடியிருந்தால் இந்த நாலு கேள்வியும் உங்களுடையது. கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், தீர்மானமாகவும் எழுதச் சொல்லலாம்.

1. நம்ம ஊருக்கான அயோடின் மாத்திரை எந்தக் கட்டடத்தில் இருக்கிறது?
2. காலாவதி தேதி என்ன? குழந்தைகளுக்கான அளவில் இருக்கிறதா?
3. வீடு வீடாகக் கொடுப்பது யார்? எத்தனை மணி நேரத்தில்?
4. அறிவிப்பு எப்படி வரும்? கரண்டும் டவரும் இல்லாவிட்டால்?

மாத்திரை செய்யாதது

அயோடின் மாத்திரை தைராய்டை மட்டும்தான் காக்கும். அதுவும் கதிரியக்க அயோடினிடம் இருந்து மட்டும். சீசியத்துக்கோ ஸ்ட்ரான்சியத்துக்கோ வெளியில் இருந்து நேராக உடம்பில் படும் கதிருக்கோ அது மருந்து இல்லை. மாத்திரை போட்டாச்சு என்று வெளியே சுற்றக் கூடாது.

முதல் வேலை வீட்டுக்குள் போவது. கான்கிரீட் வீடாக இருந்தால் நல்லது. ஜன்னல், கதவை அடையுங்கள். ஃபேன் ஓடலாம், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் எதுவும் வேண்டாம். வெளியில் இருந்து வந்தவர் உடுப்பைக் கழற்றி ஒரு பையில் கட்டி வைத்துவிட்டுக் குளிக்கட்டும். திறந்து கிடந்த தண்ணீர், கீரை, அன்று கறந்த பால் வேண்டாம். பால் பவுடர், மூடி வைத்த அரிசி, பருப்பு பிரச்சினை இல்லை. ஆடு மாட்டைத் தொழுவில் கட்டி, மூடி வைத்திருந்த வைக்கோல், நாத்துத்தட்டை போடுங்கள். கிளம்பச் சொன்னால் கிளம்புங்கள்.

குளத்தூர் மாதிரி நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு? காற்று இவ்வளவு தூரம் வருவதற்குள் நிறையக் கலைந்து நீர்த்துவிடும். நேரமும் கிடைக்கும். பெரும்பாலும் பார்க்க வேண்டியது பாலும் கீரையும் பற்றிய அறிவிப்பைத்தான். போலந்துக்கும் செர்னோபிலுக்கும் நடுவே சில நூறு கிலோமீட்டர் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அறிவிப்பைக் கவனியுங்கள், ஃபார்வேர்டை இல்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் மறுநாள் போனில் சொன்னேன், ஒரு மணி நேரம். எல்லாம் கேட்டுவிட்டு அம்மா கேட்டது ஒன்றுதான்.

"அப்ப எனக்கு அந்த மாத்திரை வேண்டாம், அப்படித்தான?"

"உங்க வயசுக்கு பெருசா பிரயோஜனம் இல்லம்மா."

"சரி. எனக்குன்னு ஒண்ணு குடுத்தாலும் அத அந்தப் புள்ளைக்குன்னு வச்சுக்கிடச் சொல்லு."

மாத்திரையை யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் எழுதியதை நான் அரை ராத்திரி உட்கார்ந்து வாசித்தேன். அம்மாவுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

அக்கா ஆகஸ்ட் 15 கிராமசபைக்குப் போனாள். நாலு கேள்வியையும் பேப்பரில் எழுதிக்கொண்டு, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு. குறித்துக்கொண்டார்கள். "விசாரித்துச் சொல்கிறோம்" என்றார்கள். அக்டோபர் கூட்டத்துக்கும் போவேன் என்று சொல்லியிருந்தாள். போனாள்.

நீங்களும் 16 கிலோமீட்டருக்குள் இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு அந்த நாலு கேள்வியையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதற்கு அப்பால் இருந்தால், உள்ளே இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்புங்கள். உப்பு மெசேஜ் மறுபடி வந்தால் அந்த ஆறரைக் கிலோ கணக்கைப் பதிலாகப் போடுங்கள்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.